கலத்தின் உள்வாயில்கள்

சாவகத் தீவின் நடுப்பகுதியிலே பன்யுமாஸ் என்னும் பிரதேசம் உண்டு. தென்னை மலிந்த நிலம் அது. தேங்காயிலிருந்து எண்ணெயையும் பாலையும் பிழிந்தெடுத்தபின் எஞ்சும் சக்கையை அங்கு வாழ்ந்த வறியோர் வீசி எறிவதில்லை. அதனை அவித்து, பூசண வித்துகளைத் தூவி, இலையிற் பொதிந்து இரண்டொரு நாள் வைப்பர். வெண்ணிறப் பூசணம் இழையிழையாகப் படர்ந்து சக்கையை ஓர் அடையாக இறுக்கிவிடும். அவ்வடையைப் பொரித்துச் சோற்றுடன் உண்பது அவர்களுடைய நெடுநாள் வழக்கமாயிருந்தது. டெம்பே பொங்கிரேக் என்பது அவ்வுணவின் பெயர். மலிவானது, வயிற்றை நிரப்புவது, ஏழைக்கு ஏற்றது.

ஆயினும் சிற்சில வேளைகளில் அவ்வுணவே கூற்றமாயிற்று. உண்ட சில மணி நேரத்துள் தலைசுற்றலும் வயிற்றுநோவும் தோன்றும், உடல் வியர்க்கும், பின்னர் உணர்வு மயங்கும், ஓரிரு நாளில் உயிர் பிரியும். ஒரே அடுப்பிற் சமைத்ததை உண்ட பலர் ஒருங்கே மாண்டதுமுண்டு. 1930ஆம் ஆண்டுகளில் வான் வேன், மேர்ட்டென்ஸ் என்னும் இரு ஒல்லாந்த ஆராய்ச்சியாளர் இதன் காரணத்தைத் தேடினர். பூசணம் செழித்து வளரத் தவறியபோது ஒருவகைப் பற்றீரியா அச்சக்கையிற் பெருகி நச்சுப்பொருள்களை உண்டாக்குகின்றது எனக் கண்டனர். அவற்றுட் கொடியதற்கு, உணவின் பெயரையொட்டியே, பொங்கிரேக்கிக் அமிலம் என்னும் பெயர் வழங்கலாயிற்று. அதற்கு மணமில்லை, சுவையில்லை. கொதிக்க வைத்தாலும் அது அழிவதில்லை. அதற்கு மாற்று மருந்தும் இல்லை.

இந்நஞ்சு உடலில் எதனைக் கெடுக்கின்றது? நஞ்சுண்டவரின் குருதியில் ஒட்சிசன் இருந்தது. வயிற்றில் உணவு இருந்தது. உணவை எரித்துச் சத்தியாக்கும் நொதியங்களும் கலங்களில் இருந்தன. இவையாவும் இருந்தும் கலங்கள் சத்தியின்றி வாடின. குறைபட்டது ஒன்றே ஒன்று. கலத்தினுள்ளே இருக்கும் ஒரு சிறு கதவு அடைபட்டுவிட்டது. அக்கதவு யாது, அஃது எவ்வாறு திறந்து மூடுகின்றது என்பதை அறியப் பல நாட்டு அறிஞர் அரை நூற்றாண்டுக்கு மேலாக உழைத்தனர். அவர்கள் கண்ட உண்மை, கலத்தைப் பற்றிய பழைய எண்ணத்தையே மாற்றியது.

உயிருள்ள கலத்தை, கலவைப் பொருள்கள் மிதக்கும் ஒரு சிறு பையெனக் கருதிய காலம் ஒன்று இருந்தது. அக்கருத்துப் பொருந்தாது. கலம் ஒரு பையன்று. அறைகள் பல கொண்ட ஒரு வீடு. அடுக்களையில் நடப்பது பண்டசாலையில் நடப்பதில்லை. ஓர் அறையில் ஒரு பொருள் ஆக்கப்படும். வேறோர் அறையில் அதே பொருள் சிதைக்கப்படும். இரண்டும் ஒரே இடத்தில் நிகழுமாயின் ஆக்கியதெல்லாம் அப்பொழுதே அழியும், உழைப்பு வீணாகும். ஆதலின் சுவர்கள் வேண்டும். அச்சுவர்களே மென்சவ்வுகள் எனப்படுபவை. கொழுப்பு மூலக்கூறுகள் இரண்டு வரிசையாக அடுக்கப்பெற்று உண்டானவை அவை. ஒரு மில்லிமீற்றரை இரண்டு இலட்சம் கூறிட்டால் ஒரு கூறு எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவே அச்சுவரின் தடிப்பு. இத்துணை மெல்லியதாயினும், நீரிற் கரைந்து மின்னேற்றம் தாங்கி நிற்கும் பொருள்களுக்கு அது கடத்தற்கரிய மதில். எண்ணெய்ப் படலத்தை உப்புநீர் ஊடுருவாததுபோல, அப்பொருள்களும் கொழுப்புச் சுவரை ஊடுருவமாட்டா.

சுவர் எழுப்பியவுடன் இன்னொரு தேவை பிறக்கின்றது. கதவில்லாத அறை கல்லறைக்கு ஒப்பாகும். வேண்டிய பொருள் உள்ளே வருவதற்கும், ஆக்கிய பொருள் வெளியே போவதற்கும் வழி வேண்டும். எல்லாப் பொருளும் புகுவதற்கு இடங்கொடுக்கும் திறந்த துவாரமாயின், சுவர் இருந்தும் பயனில்லை. ஆகவே, ஆளறிந்து திறக்கும் கதவு வேண்டும். அத்தகைய கதவுகளாய் அமைந்தவை சில புரதங்கள். பொருள்களை ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்குக் காவிச் செல்வதால் அவை காவிப் புரதங்கள் என்று பெயர் பெற்றன.

இக்காவிகளின் தொழிலைத் தெளிவாகக் காண்பதற்கு ஏற்ற இடம் இழைமணி. கலத்தின் உலைக்களம் இதுவே. 1948ஆம் ஆண்டளவில் அமெரிக்காவைச் சேர்ந்த கெனடி, லெனிஞ்சர் என்னும் இருவர், உணவின் சத்தியைக் கலம் பயன்படுத்தத்தக்க வடிவில் ஆக்கும் இறுதி வேலை இவ்விழைமணியினுள்ளேயே நிகழ்கின்றது எனக் காட்டினர். பின்னர் இலத்திரன் நுணுக்குக்காட்டியினால் நோக்கியபோது இழைமணிக்கு மதில்கள் இரண்டு உண்டென்பது புலனாயிற்று. வெளிமதிலிற் பெருந் துவாரங்கள் உள்ளன. சிறு மூலக்கூறுகள் அவற்றினூடாகத் தடையின்றிச் சென்று வரும். மடிப்பு மடிப்பாய் உட்குவிந்திருக்கும் உண்மதிலோ அத்தகையதன்று. மிகச் சிறிய புரோத்தன்கூட அதனைத் தன் விருப்பப்படி கடத்தல் இயலாது.

அவ்வுண்மதிலுக்கு உள்ளே ஆக்கப்படும் பண்டம் அடினோசின் முப்பொசுபேற்று. தசை சுருங்குவதும், நரம்பு செய்தி கடத்துவதும், புதிய புரதம் உண்டாவதும் இப்பொருளைச் செலவிட்டே நிகழ்கின்றன. செலவானபின் ஒரு பொசுபேற்றை இழந்து அஃது இருபொசுபேற்றாக நிற்கும். மீண்டும் இழைமணிக்குட் சென்று பொசுபேற்றைச் சேர்த்துக்கொண்டாலன்றி அதனாற் பயனில்லை. வளர்ந்த மனிதர் ஒருவரின் உடலில் எந்நேரமும் இருக்கும் முப்பொசுபேற்று ஏறக்குறைய 100 கிராமளவே. அவர் ஒரு நாளிற் செலவிடுவதோ கிட்டத்தட்டத் தம் உடலின் நிறையளவு. எனவே ஒவ்வொரு மூலக்கூறும் நாளொன்றுக்குப் பல நூறு தடவை செலவாகியும் புதுப்பிக்கப்பட்டும் சுழலவேண்டும். புதுப்பிப்பது உண்மதிலுக்கு உள்ளே. செலவிடுவதிற் பெரும் பகுதி வெளியே. ஒவ்வொரு சுற்றிலும் மதிலை இரு முறை கடக்கவேண்டும். இருபொசுபேற்று உள்ளே வருவதும் முப்பொசுபேற்று வெளியே போவதும் ஒரே கதவின் வழியாகும். பொங்கிரேக்கிக் அமிலம் அடைத்தது இக்கதவையே.

ஒரு பெரிய துவாரத்தை அமைத்துவிட்டால் இத்தனை சிக்கல் வேண்டியதில்லையே என்று தோன்றலாம். அதற்கு விடை தந்தவர் ஆங்கிலேய அறிஞர் பீற்றர் மிச்செல். 1961இல் அவர் ஒரு கருத்தை வெளியிட்டார். உணவை எரிக்கும்போது கிடைக்கும் சத்தியைக் கொண்டு இழைமணி புரோத்தன்களை உண்மதிலுக்கு வெளியே தள்ளுகின்றது. வெளியே திரண்ட புரோத்தன்கள் மீண்டும் உள்ளே பாயும்போது அப்பாய்ச்சலின் விசையால் முப்பொசுபேற்று ஆக்கப்படுகின்றது என்பது அக்கருத்து. குளத்தில் நீரைத் தேக்கி, மதகினூடாகப் பாயவிட்டு வேலை கொள்வது போன்றது இது. முதலிற் பலர் ஐயுற்றனர், சிலர் எள்ளினர். ஆயினும் சோதனைகள் அவர் பக்கமே நின்றன. 1978இல் அவருக்கு நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

குளத்து நீர் வேலை செய்யவேண்டுமாயின் குளக்கட்டில் உடைப்பு இருத்தலாகாது. உண்மதிலில் ஒரு கணம் துவாரம் விழுந்தாலும் புரோத்தன்கள் வீணே உள்ளே பாய்ந்துவிடும். தேங்கிய சத்தி வெறும் வெப்பமாய்க் கழியும். ஆகவே, முப்பொசுபேற்றுப் போன்ற பெரிய மூலக்கூற்றை வெளியே விடவும் வேண்டும். அதே வேளையில் மிகச் சிறிய புரோத்தன் நுழைவதற்கு இடுக்கேனும் இருத்தலாகாது. யானை செல்ல வழிவிட்டு எறும்பைத் தடுக்கும் வாயில் போன்றது இது.

இவ்வரிய செயல் எவ்வாறு கைகூடுகின்றது என்பதை அறிய உதவியவை நஞ்சுகளே. மத்தியதரைக் கடலைச் சூழ்ந்த நாடுகளில் ஒருவகை முட்செடி வளர்கின்றது. அதன் வேர் நஞ்சு என்பது பண்டைக் காலந்தொட்டே அறியப்பட்டது. எனினும் அறியாது உண்டு இறந்த சிறுவர் பலர். அவ்வேரிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட பொருளுக்கு அத்திரக்திலோசைட்டு என்று பெயர். 1960ஆம் ஆண்டுகளில் அதனை இழைமணிகளுடன் சேர்த்துச் சோதித்தபோது வியப்பான ஒன்று புலப்பட்டது. முப்பொசுபேற்றை ஆக்கும் பொறி கெடவில்லை. எனினும் வெளியே இருந்த இருபொசுபேற்று உள்ளே செல்லவில்லை. ஜேர்மனிய அறிஞர் மாட்டின் கிளிங்கன்பேக்கும் அவருடன் உழைத்தோரும் இதனை ஆராய்ந்து, உண்மதிலில் ஒரு காவி உண்டென்றும், அஃது ஒன்றுக்கு ஒன்றாகப் பண்டமாற்றுச் செய்கின்றது என்றும் நிறுவினர். இருபொசுபேற்று ஒன்று உள்ளே வந்தாலன்றி முப்பொசுபேற்று ஒன்று வெளியேறாது. தோணித்துறையில் ஒருவரையே ஏற்றும் சிறு தோணி, அக்கரைக்கு ஒருவரைக் கொண்டு சென்று, திரும்பும்போது வேறொருவரை ஏற்றி வருவதை ஒக்கும் இச்செயல்.

1970இல் அமெரிக்காவைச் சேர்ந்த ஹென்டர்சன், லார்டி என்னும் இருவர், சாவகத்துப் பொங்கிரேக்கிக் அமிலமும் அதே காவியையே தடுக்கின்றது எனக் காட்டினர். முட்செடியின் நஞ்சு மதிலின் வெளிப்புறத்தில் நின்று தடுத்தது. தேங்காய்ச் சக்கையின் நஞ்சு உட்புறத்தில் நின்று தடுத்தது. ஒரே கதவுக்கு இரு பூட்டுகள். ஒன்று வாசலிலிருந்து, மற்றையது வீட்டினுள்ளிருந்து பூட்டுவது. இதிலிருந்து காவியின் இயல்பு தெரிய வந்தது. அதன் நடுவே பொருள் அமரும் இருக்கை ஒன்றே உண்டு. அவ்விருக்கை ஒரு முறை வெளிப்புறம் நோக்கித் திறந்திருக்கும். மறுமுறை உட்புறம் நோக்கித் திறந்திருக்கும். இரு புறமும் ஒரே வேளையில் திறப்பதில்லை. முன்கதவு திறக்கும்போது பின்கதவு சாத்தியிருக்கும். பின்கதவு திறக்குமுன் முன்கதவு சாத்தப்படும். காவிகள் பொதுவாக இவ்வாறு இயங்கலாம் என 1966இல் ஒலெக் ஜார்டெட்ஸ்கி என்பாரும் கூறியிருந்தார். பெரிய மூலக்கூறு கடந்து செல்லவும் சிறிய புரோத்தன் ஒழுகாதிருக்கவும் காரணம் இதுவே.

கருத்தாய் இருந்தது கண்ணுக்குப் புலனாவதற்கு மேலும் பல ஆண்டுகள் சென்றன. 1982இல் சரஸ்தே, வோக்கர் என்னும் இருவர், இக்காவிப் புரதத்தின் அமினோவமிலத் தொடரில் ஒரே அமைப்பு மும்முறை வருதலைக் கண்டனர். 2003இல் பிரான்சு நாட்டு ஆராய்ச்சியாளர், மாட்டின் இதயத்திலிருந்து இப்புரதத்தைப் பிரித்து, முட்செடி நஞ்சின் நெருங்கிய இனமான ஒரு பொருளைக் கொண்டு அதனை அசையாது நிறுத்தி, எக்ஸ் கதிர்களால் அதன் உருவத்தைக் கண்டனர். ஆறு சுருள்கள் வட்டமாய் நின்று ஒரு கிண்ணத்தைப் போல வெளிப்புறம் விரிந்திருந்தன. கிண்ணத்தின் அடி மூடியிருந்தது; நஞ்சு அதன் நடுவே அமர்ந்திருந்தது. மறுநிலையைக் காண இன்னும் 16 ஆண்டுகள் வேண்டியிருந்தன. 2019இல் கேம்பிரிட்ஜ் நகரத்து ஆராய்ச்சியாளர், பொங்கிரேக்கிக் அமிலத்தினால் நிறுத்தப்பட்ட காவியின் உருவத்தை வெளியிட்டனர். அதில் உட்புறம் விரிந்திருந்தது, வெளிப்புறம் மூடியிருந்தது. நேர் ஏற்றமும் மறை ஏற்றமும் ஒன்றையொன்று பற்றி நிற்பதே கதவின் தாழ்ப்பாள் என்பதும், உரிய பொருள் இருக்கையில் வந்தமரும்போது ஒரு புறத்துத் தாழ்ப்பாள் நெகிழ்ந்து மறுபுறத்துத் தாழ்ப்பாள் விழுகின்றது என்பதும் விளங்கின. எத்தனையோ பேரைக் கொன்ற நஞ்சு, இறுதியில் உயிரின் இரகசியம் ஒன்றைக் காட்டும் கருவியாயிற்று.

இப்பண்டமாற்று இலவசமாய் நிகழ்வதன்று. முப்பொசுபேற்று நான்கு மறை ஏற்றங்களையும், இருபொசுபேற்று மூன்றையும் தாங்கிச் செல்கின்றன. எனவே ஒவ்வொரு மாற்றிலும் ஒரு மறை ஏற்றம் வெளியேறுகின்றது. அதனுடன் பொசுபேற்றையும் வேறொரு காவி உள்ளே கொண்டுவரவேண்டும். அதற்கும் புரோத்தன் செலவாகும். கணக்கிட்டுப் பார்த்தால், தேக்கிவைத்த புரோத்தன் விசையிற் கிட்டத்தட்ட நான்கிலொரு பங்கு இப்போக்குவரத்துக்கே செலவாகின்றது. விளைவித்தவன் கைக்கு வருமுன் வண்டிக்கூலிக்கு ஒரு பங்கு போவது வயலில் மட்டும் நிகழ்வதன்று. கலத்தினுள்ளும் அதுவே நியதி.

இக்காவி தனித்த ஒன்றன்று. மனிதக் கலங்களில் இதன் இனத்தைச் சேர்ந்த காவிகள் 53 உள்ளன. ஒவ்வொன்றுக்கும் உரிய சரக்கு வேறு. அவற்றுள் ஈரற் கலங்களில் உள்ள ஒன்றின் பெயர் சித்திரின். இது குளுத்தமேற்றை இழைமணிக்குட் கொண்டுவந்து, அசுபாற்றேற்று என்னும் அமினோவமிலத்தை வெளியே அனுப்புகின்றது. மாப்பொருளும் வெல்லமும் கலத்தில் உடைக்கப்படும்போது வெளிப்படும் ஐதரசன், இழைமணியினுட் செல்லவேண்டும். ஆனால் ஐதரசனைத் தாங்கும் மூலக்கூறு உண்மதிலைக் கடக்கமாட்டாது. ஆதலின் அது தன் சுமையை மலேற்று என்னும் சிறு மூலக்கூற்றின் தோளில் மாற்றிவிடுகின்றது. மலேற்று வேறொரு கதவினூடாக உள்ளே சென்று சுமையை இறக்கும். சுமை இறக்கிய ஆள் அசுபாற்றேற்றாக உருமாறிச் சித்திரின் வழியே வெளியேறும். சித்திரின் இல்லையாயின் போனவர் திரும்புவதில்லை. சுமக்க ஆளில்லாமல் ஐதரசன் வெளியே தேங்கும்.

இதன் விளைவு என்ன என்பதை யப்பானிய மருத்துவர்கள் நெடுங்காலம் கண்டு திகைத்தனர். நலமாய் வாழ்ந்த ஒருவர் நடுவயதில் ஒருநாள் திடீரெனக் குழம்புவார், பொருந்தாதன பேசுவார், இடமும் காலமும் மறப்பார். மனநோயெனக் கொண்டு அவ்வழியே மருத்துவம் செய்யப்பட்டவர்களும் உண்டு. குருதியைச் சோதித்தாற் சித்துருலின் என்னும் பொருளும் அமோனியாவும் மிகுந்திருக்கும். இவர்களிடம் விந்தையான ஒரு பழக்கமும் காணப்பட்டது. சிறுவயது முதலே சோற்றையும் இனிப்பையும் வெறுத்து, நிலக்கடலை, அவரையினம், மீன், முட்டை முதலியவற்றையே விரும்பி உண்டு வந்தனர்.

1999இல் யப்பானிய ஆராய்ச்சியாளரான கொபயாஷி, சாஹெக்கி ஆகியோரும் அவர்தம் குழுவினரும் இந்நோய்க்குக் காரணமான பரம்பரையலகைக் கண்டனர். அதுவே சித்திரினுக்குரியது. அப்பொழுது எல்லாம் பொருந்தி வந்தன. அமோனியாவை யூரியாவாக மாற்றும் வேலை ஈரலிற் பெரும்பாலும் இழைமணிக்கு வெளியே முடிவடைவது. அதற்கு அசுபாற்றேற்று வேண்டும். கதவு இன்மையால் அசுபாற்றேற்று வெளியே வருவதில்லை. சித்துருலினுடன் சேர ஆளில்லை. அமோனியா தேங்கி மூளையைத் தாக்குகின்றது. மாப்பொருளை உண்டால் ஐதரசனின் தேக்கமும் கூடி நிலைமை மோசமாகும்.

இங்கேதான் அறிவின் பயன் வெளிப்படுகின்றது. அமோனியா மிகுந்த நோயாளருக்குப் பொதுவாக மருத்துவர் அளிக்கும் ஆலோசனை, புரதத்தைக் குறைத்து மாப்பொருளைக் கூட்டுக என்பதாகும். பிற நோய்களுக்கு அது தக்கதே. சித்திரின் குறைந்தோருக்கோ அதுவே தீங்கு. மூளை வீக்கத்தைத் தணிக்கவென நரம்பினூடாகக் கிளிசரோலைச் செலுத்தியபோதும், செறிந்த குளுக்கோசைச் செலுத்தியபோதும் நோய் முற்றியதுண்டு. நல்லெண்ணத்துடன் அளித்த மருந்து நஞ்சாயிற்று. கதவைப் பற்றிய அறிவு வந்தபின் வழி மாறியது. மாப்பொருளைக் குறைத்து, புரதத்தையும் கொழுப்பையும் தாராளமாய் அளிக்கும் உணவே இவர்களுக்கு இன்று விதிக்கப்படுகின்றது. கடுமையாய் நோயுற்றோருக்கு ஈரல் மாற்றுச் சிகிச்சையும் பயன் தருகின்றது. யப்பானில் ஏறக்குறைய 65 பேருக்கு ஒருவர் இக்குறையுள்ள பரம்பரையலகு ஒன்றைத் தாங்கியுள்ளனர் எனக் கணித்துள்ளனர். இரு பெற்றோரிடமிருந்தும் அதனைப் பெற்ற குழந்தைக்கே நோய் வரும். அக்குழந்தை சோற்றுக் கிண்ணத்தைத் தள்ளிவிட்டுக் கடலையைக் கேட்டது பிடிவாதத்தாலன்று. திறவாத கதவொன்று உள்ளே இருப்பதை உடல் தன் வழியில் உணர்ந்து, தன்னைக் காத்துக்கொண்டது. எந்த அறிவியல் நூலும் அதனைக் கூறுவதற்கு நெடுங்காலம் முன்னரே அது நிகழ்ந்தது.

சாவகத்தில் டெம்பே பொங்கிரேக் செய்வதை இந்தோனேசிய அரசாங்கம் 1988இல் தடைசெய்தது. ஆயினும் அந்நஞ்சு உலகை விட்டு நீங்கவில்லை. 2015இன் தொடக்கத்தில் மொசாம்பிக் நாட்டில் ஓர் இறப்பு வீட்டிற் பரிமாறப்பட்ட மாவுக் கள்ளினால் 75 பேர் மாண்டனர். அதிலும் பொங்கிரேக்கிக் அமிலமே இருந்தது. உணவைத் தூய்மையாய்ப் பேணுவதன்றி அதற்கு வேறு காப்பு இன்னும் இல்லை.

உணவு உண்பதால் மட்டும் உடல் வாழ்வதில்லை. உண்டது செரித்து, குருதியிற் கலந்து, கலத்தை அடைந்த பின்னரும் கடக்கவேண்டிய வாயில்கள் பல உள்ளன. வேண்டிய பொருள் நாட்டில் இருந்தும், வேண்டிய வீட்டை அது சென்றடையாவிடின் அவ்வீட்டாருக்குப் பஞ்சமே. கண்ணுக்குத் தெரியாத அந்த வாயில்களில், ஒரு புறம் திறந்து மறு புறம் சாத்தி, இரவும் பகலும் ஓயாது நிற்கும் காவிகளின் உழைப்பினாலேயே ஒவ்வொரு மூச்சும் பயன் பெறுகின்றது.